63 கிலோவாட் எஞ்சினில் 24 கிலோவாட் எங்கே போகிறது?

தென்னாப்பிரிக்காவில் எந்தக் கார் விளம்பரத்தைப் பார்த்தாலும் இரண்டு எண்கள் இருக்கும். எஞ்சின் இத்தனை கிலோவாட், நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட இத்தனை வினாடி. இந்த இரண்டையும் மெட்ரிக் வகுப்பு, அதாவது 12-ஆம் வகுப்பு, இயற்பியல் சூத்திரத்தில் போட்டுப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் குழம்பித்தான் போகிறார்கள். 63 கிலோவாட், 12 வினாடி என்று போட்டிருக்கிற ஒரு சின்ன ஹேட்ச்பேக்குக்குக் கணக்குப் போட்டால் 39 கிலோவாட்கூட வராது. உடனே சிலர் கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான் என்பார்கள், வேறு சிலர் சூத்திரத்தையே சந்தேகிப்பார்கள். விளம்பரம் சொல்வது எஞ்சின் ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில் தரக்கூடிய உச்சத் திறன், சூத்திரம் தருவது அந்த 12 வினாடிகளின் சராசரி. உச்சத்துக்கும் சராசரிக்கும் நடுவில் விழுந்த 24 கிலோவாட்டுக்கு வரிவரியாகக் கணக்குச் சொல்ல முடியும். அதைத்தான் கீழே செய்திருக்கிறேன். அப்புறம் அதே கணக்கை ஜொஹானஸ்பர்க் உயரத்துக்கும் டர்பன்–ஜொஹானஸ்பர்க் என்3 நெடுஞ்சாலையில் இருக்கும் டவுன் ஹில் ஏற்றத்துக்கும் கொண்டுபோனால் என்ன ஆகிறது என்பதையும் பார்க்கலாம்.

ஆற்றல் வேறு, திறன் வேறு

லோட்ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு இன்வெர்ட்டர் வாங்கியவர்களுக்கு இந்த வித்தியாசம் பழக்கமானதுதான். ஒரே நேரத்தில் எதையெல்லாம் ஓட்டலாம் என்பதைச் சொல்வது கிலோவாட். அது திறன், அதாவது ஆற்றல் செலவாகும் வேகம். எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்பது பேட்டரியில் இருக்கிற கிலோவாட் மணியைப் பொறுத்தது, அது ஆற்றல். ஒரு வினாடியில் ஒரு ஜூல் செலவானால் ஒரு வாட்.

வண்டியை வேகப்படுத்துவது என்றால் அதற்குள் இயக்க ஆற்றலைப் போடுவது. ஓட்டுநரோடு சேர்த்து 1,200 கிலோ இருக்கிற கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதில் இருக்கும் இயக்க ஆற்றல் 463 கிலோஜூல். கேட்கப் பெரிதாக இருந்தாலும் மின்கட்டண மொழியில் இது 0.13 கிலோவாட் மணிதான். குளியலறைக்கு வெந்நீர் தரும் 3 கிலோவாட் கீசர் இரண்டரை நிமிடத்தில் இதைத் தின்றுவிடும். கீசருக்கு இரண்டரை நிமிடம் இருக்கிறது, எஞ்சினுக்கு இருப்பது 12 வினாடி. திறன் பெரிதாகத் தேவைப்படுவது இந்த அவசரத்தால்தான்.

இடையில் ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து வரும் யூடியூப் வீடியோக்களில் அதே காருக்கு 85 பிஎச்பி என்பார்கள், இங்கே 63 கிலோவாட் என்போம். ஒரு குதிரைத்திறன் 745.7 வாட் என்பதால் 63 கிலோவாட் என்பது 84.5 குதிரைத்திறன். பிஎஸ் என்று போடுகிற கம்பெனிகள் 735.5 வாட்டால் வகுப்பதால் அது 85.7 ஆகத் தெரியும். மூன்றும் ஒரே எஞ்சின்தான்.

அடிப்படைக் கணக்கு

சராசரித் திறன் = ½ × நிறை × (இறுதி வேகம்² − தொடக்க வேகம்²) ÷ நேரம்

1. வேகத்தை மீட்டர்/வினாடிக்கு மாற்ற வேண்டும். கிலோமீட்டர்/மணியை 3.6 ஆல் வகுத்தால் போதும். 100 ÷ 3.6 = 27.78.

2. வர்க்கப்படுத்தினால் 771.6. நின்ற இடத்திலிருந்து புறப்படுவதால் தொடக்க வேகம் பூஜ்யம்.

3. ½ × 1,200 × 771.6 = 4,62,960 ஜூல், சுருக்கமாக 463 கிலோஜூல்.

4. 12 வினாடியால் வகுத்தால் 38.6 கிலோவாட்.

அவ்வளவுதான் கணக்கு. எஞ்சின் எப்படி ஏறி இறங்கியது, எந்த கியரில் எவ்வளவு நேரம் இருந்தது என்பது எதுவும் இதற்குத் தேவையில்லை. தொடக்கத்தில் எவ்வளவு ஆற்றல் இருந்தது, முடிவில் எவ்வளவு இருக்கிறது, நடுவில் எத்தனை வினாடி போனது, இந்த மூன்று மட்டும் போதும். இந்தச் சூத்திரத்தின் பலமும் பலவீனமும் இதுதான்.

வழக்கமாக வரும் தவறுகள் மூன்று. முதலாவது 3.6 ஆல் வகுக்க மறப்பது. அப்போது விடை சரியாக 12.96 மடங்கு பெருகி 500 கிலோவாட் என்று வந்து நிற்கும். சின்ன ஹேட்ச்பேக்குக்கு ரேஸ் கார் திறன் வந்தால் அந்த இடத்திலேயே சந்தேகப்பட வேண்டும். இரண்டாவது, வண்டியின் எடையை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்களை விட்டுவிடுவது.

மூன்றாவதுதான் மோசம், ஏனென்றால் அதன் விடை பார்வைக்குச் சரியாகவே இருக்கும். வேகத்தை 80-லிருந்து 120-க்கு உயர்த்தும்போது, வித்தியாசம் 40தானே என்று அந்த 40-ஐ வர்க்கப்படுத்திவிடுவார்கள். அப்படிச் செய்யக் கூடாது. முதலில் இரண்டையும் தனித்தனியாக வர்க்கப்படுத்தி, பிறகு கழிக்க வேண்டும். 120² − 80² என்பது 8,000, 40² என்பது வெறும் 1,600. அதாவது 80-லிருந்து 120-க்குப் போக, நின்ற இடத்திலிருந்து 40-க்குப் போவதைப் போல ஐந்து மடங்கு ஆற்றல் தேவை. ரோபாட்டில், அதாவது போக்குவரத்து சிக்னலில், பச்சை விழுந்ததும் துள்ளிப் புறப்படுகிற வண்டி நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்டும்போது திணறுவதன் காரணம் இந்த ஐந்து மடங்கில்தான் இருக்கிறது.

மெட்ரிக் தாளில் இருக்கும் இரண்டாவது சூத்திரம்

12-ஆம் வகுப்பு இயற்பியல் அறிவியல் தேர்வில் கொடுக்கப்படும் சூத்திரத் தாளில் திறனுக்கு இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று, வேலை ÷ நேரம். மற்றொன்று, சராசரித் திறன் = விசை × சராசரி வேகம். எதை எப்போது போடுவது என்பதில் பிள்ளைகள் தடுமாறுவது நியாயம்தான், ஏனென்றால் இரண்டும் ஒரே விடையைத் தர ஒரு நிபந்தனை இருக்கிறது, அதை விளக்காமல் விட்டால் குழப்பம் வரத்தான் செய்யும்.

நிபந்தனை இதுதான்: விசை மாறாமல் இருக்க வேண்டும். நம் காரில் விசை மாறவில்லை என்று வைத்துக்கொண்டால் முடுக்கம் 27.78 ÷ 12 = 2.315, விசை 1,200 × 2.315 = 2,778 நியூட்டன், சராசரி வேகம் 13.89. பெருக்கினால் அதே 38.6 கிலோவாட். இங்கே சராசரி வேகத்துக்குப் பதிலாக இறுதி வேகத்தைப் போட்டுவிட்டால் 77.2 வரும். அதற்கும் ஒரு அர்த்தம் இருக்கிறது: விசை மாறாமலே போகிற கார் 100-ஐத் தொடும் கடைசி நொடியில் தந்தாக வேண்டிய திறன் அது. ஆக, சீரான முடுக்கத்தில் நின்ற இடத்திலிருந்து புறப்பட்டால் கடைசித் தேவை எப்போதும் சராசரியைப் போல இரண்டு மடங்கு.

இப்போது கவனியுங்கள், நம் எஞ்சினிடம் இருப்பதே 63. அது 77.2-ஐத் தரவே முடியாது. அப்படியானால் அந்தக் கார் 12 வினாடியும் சீராக முடுக்கவில்லை என்று அர்த்தம். சீரான முடுக்கம் என்பது தேர்வுத்தாளில் இருக்கும் வசதி. நிஜ வண்டி வேறு மாதிரி நடந்துகொள்கிறது.

விசை மாறாத வண்டி, திறன் மாறாத வண்டி

இரண்டு கற்பனை வண்டிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் 1,200 கிலோ, இரண்டும் 12 வினாடியில் 100-ஐத் தொடுகின்றன, இரண்டுக்கும் சராசரித் திறன் 38.6 கிலோவாட். முதல் வண்டி ஒரே விசையில் தள்ளுகிறது. அதன் வேகம் நேர்கோட்டில் ஏறும், 6-ஆவது வினாடியில் 50, 12-ஆவதில் 100. திறன் மட்டும் பூஜ்யத்தில் தொடங்கி 77.2 வரை ஏறிக்கொண்டே போகும்.

இரண்டாவது வண்டி முதல் கணத்திலிருந்தே 38.6 கிலோவாட்டைக் கூட்டாமல் குறைக்காமல் தருகிறது. 50-இல் இருக்கும் ஆற்றல் 100-இல் இருப்பதில் நான்கில் ஒரு பங்குதான், ஆகவே 50-ஐத் தொட நான்கில் ஒரு பங்கு நேரம், வெறும் 3 வினாடி. மீதி 50-க்கு 9 வினாடி. தொடக்கத்தில் பாய்ச்சல், போகப்போக இழுவை. இதன் சராசரி வேகம் இறுதி வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 18.52 மீட்டர்/வினாடி. முதல் வண்டி 12 வினாடியில் 167 மீட்டர் போயிருக்கும், இது 222 மீட்டர்.

இந்த இரண்டாவது வண்டிக்குச் சராசரி விசையையும் சராசரி வேகத்தையும் பெருக்கிப் பார்த்தால் 2,778 × 18.52, அதாவது 51.4 கிலோவாட் வரும். தப்பு. உண்மையான சராசரி 38.6. விசை மாறிக்கொண்டே இருக்கிற இடத்தில் சராசரிகளைப் பெருக்கினால் திறனின் சராசரி கிடைக்காது. வேலையை நேரத்தால் வகுப்பது மட்டும் எந்த வண்டிக்கும், எந்தச் சாலைக்கும் பொருந்தும். சந்தேகம் வரும்போது அதையே பிடித்துக்கொள்வது நல்லது.

நிஜக் கார் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. புறப்படும்போது திறனை முழுதாகக் கொட்ட முடியாது, ஏனென்றால் வேகம் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்போது குறிப்பிட்ட திறன் என்பது எல்லையில்லாத விசையைக் கேட்கும், டயர் வழுக்கிவிடும். அந்தக் கட்டத்தில் எல்லையைப் போடுவது டயரின் பிடிப்பும் முதல் கியரும். வேகம் ஏறிய பிறகு எல்லையைப் போடுவது எஞ்சினின் திறன்.

24 கிலோவாட்டின் கணக்கு

சரி, 38.6-லிருந்து 63 வரை ஏறிப் பார்ப்போம். கீழே இருக்கிற சதவீதங்கள் ஒரு சாதாரண கியர் காருக்குப் பொருந்தக்கூடிய மதிப்பீடுகள். வண்டிக்கு வண்டி மாறும், ஆனால் ஒவ்வொன்றும் எந்த அளவில் இருக்கும் என்பது தெரியும்.

1. சுழலும் பாகங்கள். சக்கரம், ஃப்ளைவீல், அச்சு எல்லாம் முன்னோக்கிப் போவதோடு சுற்றவும் வேண்டும். அதற்கு 5 சதவீதம் கூடுதல் ஆற்றல். 1.9 கிலோவாட் சேர்ந்து 40.5.

2. காற்றுத் தடையும் டயரின் உருளல் தடையும். காற்றுக்கு 12 வினாடியில் சுமார் 26 கிலோஜூல், டயருக்குச் சுமார் 23. சராசரி 4.1 கிலோவாட், மொத்தம் 44.6. காற்றுக்கு ஆகும் செலவு இவ்வளவு குறைவா என்று தோன்றலாம். அதற்கான திறன் வேகத்தின் முப்படியில் ஏறுவதால் குறைந்த வேகத்தில் அது ஒன்றுமே இல்லை. இதே கார் 100-இல் சீராக ஓட காற்றுக்கு மட்டும் 8.6 கிலோவாட் கேட்கும், 120-இல் 15.

3. கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், அச்சு இணைப்புகள். எஞ்சினிலிருந்து புறப்படுவதில் 12 சதவீதம் வழியிலேயே வெப்பமாகிறது என்று வைத்தால், சக்கரத்தில் 44.6 கிடைக்க எஞ்சின் 50.7 தர வேண்டும். இங்கே போனது 6.1.

4. கியர் மாற்றும் நேரம். 100-ஐத் தொடுவதற்குள் இரண்டு முறை கிளட்சை மிதிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் அரை வினாடி. அந்த ஒரு வினாடி எஞ்சின் சக்கரத்துக்கு எதையும் தரவில்லை. 12 வினாடி வேலையை 11 வினாடியில் முடிக்க வேண்டும் என்றால் 55.3 தேவை. போனது 4.6.

5. மீதி 7.7. இது எங்கும் வீணாகவில்லை, எஞ்சின் அதைத் தரவேயில்லை. 63 கிலோவாட் என்பது நிமிடத்துக்கு ஐயாயிரத்துச் சொச்சம் சுற்றில் மட்டும் கிடைக்கும் எண். ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் சுற்று கீழே விழுகிறது, திறனும் கூடவே விழுகிறது, மறுபடி ஏற வேண்டியிருக்கிறது.

கூட்டிப் பாருங்கள்: 1.9, 4.1, 6.1, 4.6, 7.7. மொத்தம் 24.4.

இதைத் தலைகீழாகவும் பயன்படுத்தலாம். கியர் போடுகிற பெட்ரோல் காருக்குச் சராசரி என்பது உச்சத்தில் சுமார் 60 சதவீதம். ஆகவே 100-ஐத் தொடும் நேரத்தை உத்தேசமாகத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் இயக்க ஆற்றலை உச்சத் திறனின் 0.6 மடங்கால் வகுத்தால் போதும். விளம்பரத்தில் சொன்ன நேரம் இதைவிட மிகக் குறைவாக இருந்தால் அந்த வண்டியில் ஏதோ விசேஷம் இருக்க வேண்டும், நல்ல ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், டர்போ, அல்லது மின் மோட்டார்.

மின்சாரக் காருக்கு ஏன் வேறு கணக்கு

மின் மோட்டாருக்குப் பெரும்பாலும் ஒரே கியர். முறுக்குவிசை முதல் சுற்றிலேயே கிடைத்துவிடும். ஒரு குறிப்பிட்ட வேகம் வரை மாறாத விசை, அதற்கு மேல் மாறாத திறன் என்று இரண்டே கட்டங்கள். மேலே பார்த்த இரண்டு கற்பனை வண்டிகளையும் ஒட்ட வைத்தது போலத்தான் இது.

1,600 கிலோ எடை, 100 கிலோவாட் மோட்டார், 40 கிலோமீட்டர் வேகத்தில் அந்தக் கட்டம் மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இழப்புகளை விட்டுவிட்டால் 100-ஐத் தொட 7.2 வினாடி ஆகும். சராசரித் திறன் 86 கிலோவாட், அதாவது உச்சத்தில் 86 சதவீதம். கட்டம் மாறும் வேகம் எவ்வளவு குறைவோ அவ்வளவுக்குச் சராசரி உச்சத்தை நெருங்கும். கிளட்ச் மிதிக்கிற வேலையும் இல்லை, சுற்று விழுவதும் இல்லை. அதனால்தான் காகிதத்தில் ஒரே கிலோவாட் போட்ட பெட்ரோல் காரும் மின்சாரக் காரும் ரோபாட்டில் பக்கத்துப் பக்கத்தில் நின்று புறப்பட்டால், மின்சாரக் கார் கனமாக இருந்தும் முந்திவிடுகிறது.

ஜொஹானஸ்பர்க் காற்று

டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது, ஜொஹானஸ்பர்க் ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில். கடலோரத்தில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல் என்றால் அங்கே 83-ஐ ஒட்டி. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு மூச்சிலும் அந்த அளவுக்குக் குறைந்த ஆக்சிஜனைத்தான் இழுக்கும், எரிக்கக்கூடிய பெட்ரோலும் அதற்கேற்பக் குறையும். 100 மீட்டர் ஏறினால் 1 சதவீதம் போகும் என்பது மெக்கானிக்குகள் வைத்திருக்கும் தோராயம், அது நன்றாகவே பொருந்துகிறது.

63 கிலோவாட் அங்கே 52 ஆகிறது. 100-ஐத் தொட 12 வினாடி எடுத்த கார் பதினான்கரை வினாடி எடுக்கும். காற்று மெலிந்திருப்பதால் காற்றுத் தடையும் குறையுமே என்று கேட்கலாம். குறையும், ஆனால் அந்த 12 வினாடிகளில் காற்றுக்குப் போனதே 26 கிலோஜூல்தான், அதில் ஆறில் ஒரு பங்கு மிச்சமானால் என்ன வந்துவிடப் போகிறது. டர்பனில் ஓட்டிப் பார்த்து வாங்கிய 1.4 லிட்டர் காரை ஜொஹானஸ்பர்க்கில் இருக்கும் மகளுக்கு அனுப்பிவிட்டு, மாப்பிள்ளை சர்வீஸ் பார்க்காமல் வண்டியைக் கெடுத்துவிட்டார் என்று சொல்வதற்கு முன்னால் இந்த 17 சதவீதத்தைக் கழித்துவிடுவது குடும்பத்துக்கு நல்லது.

டர்போ எஞ்சின் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இழப்பின் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். மின் மோட்டாருக்குக் காற்றே தேவையில்லை.

ஏற்றம் வந்தால் கணக்கு மாறுகிறது

இதுவரை சமதளம். ஏற்றத்தில் இன்னொரு செலவு சேர்கிறது: நிறை × 9.8 × ஏறிய உயரம். டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து குட் ஃப்ரைடே அன்று மாரிட்ஸ்பர்க் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்) மாரியம்மன் கோயில் தீமிதிக்கு 16 பேரோடு கிளம்பும் ஒரு மினிபஸ் டாக்ஸியை எடுத்துக்கொள்வோம். வண்டி 2,000 கிலோ, ஆள் ஒன்றுக்கு 70 கிலோ வைத்தால் மொத்தம் 3,120. என்3 சாலையில் ஏறி, அந்த வகை வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட 100-ஐத் தொட 1.2 மெகாஜூல். சராசரி 50 கிலோவாட் சக்கரத்துக்குப் போனால் 24 வினாடி. ஓட்டுநர் மட்டும் இருந்தால் 16 வினாடியில் முடிந்திருக்கும்.

மாரிட்ஸ்பர்க் ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்கு அதே வண்டியைத் தூக்க 18 மெகாஜூல், வேகப்படுத்தியதைப் போலப் பதினைந்து மடங்கு. ஆனால் ஒரு மணி நேரப் பயணம் என்று வைத்து 3,600 வினாடியால் வகுத்தால் சராசரி 5 கிலோவாட்தான் வருகிறது. ஆற்றல் பதினைந்து மடங்கு, திறன் பத்தில் ஒரு பங்கு. எந்த நேரத்துக்கான சராசரி என்று சொல்லாமல் ஒருவர் கிலோவாட் எண்ணைச் சொன்னால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டி ஹில்டனுக்கு ஏறுகிற டவுன் ஹில்லில்தான் உண்மையான சோதனை, அதுவும் லாரிகளுக்கு. இந்த நாட்டில் ட்ரெய்லரோடு சேர்ந்த ஒரு கூட்டு லாரியின் அதிகபட்ச மொத்த எடை 56 டன். 6 சதவீத ஏற்றம் என்று வைத்தால் ஈர்ப்பு விசை மட்டும் 33,000 நியூட்டன் பின்னால் இழுக்கும், டயரின் உருளல் தடைக்கு இன்னொரு 3,800. சக்கரத்தில் 350 கிலோவாட் கிடைக்கும் நல்ல லாரிகூட மணிக்கு 34 கிலோமீட்டரில்தான் ஏற முடியும். வேகம் கூட்ட அதனிடம் மிச்சம் எதுவும் இல்லை, அத்தனை திறனும் வேகத்தைத் தக்கவைப்பதற்கே போய்விடுகிறது. இடது லேனில் ஊர்ந்து போகிற லாரி ஓட்டுநரைத் திட்டுவதில் பயனில்லை. அதே என்3-இல் மூய் ரிவர் டோலில் நின்று புறப்படும்போதும் இதே கதைதான்: சமதளத்தில் 80-ஐத் தொட 13.8 மெகாஜூல், சராசரி 250 கிலோவாட் கிடைத்தாலும் 55 வினாடி.

இறக்கத்தில் குறி மாறுகிறது, அளவு மாறுவதில்லை. அந்த 56 டன் 100 மீட்டர் உயரம் இறங்கினால் 55 மெகாஜூலை எங்கேயாவது தள்ளியாக வேண்டும். 80-இல் ஓடும் அதே லாரியை நான்கு முறை முழுதாக நிறுத்துவதற்குச் சமம் இது. குறைந்த கியரில் எஞ்சின் பிரேக்கை வைத்து இறங்கினால் ஒவ்வொரு வினாடியும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். கால் பிரேக்கை மட்டும் நம்பினால் அவ்வளவு வெப்பமும் பிரேக்குக்குள் இறங்கி அது பிடிக்காமல் போகும். 2013 செப்டம்பரில் டர்பனுக்கு அருகே பைன்டவுனுக்கு மேலே ஃபீல்ட்ஸ் ஹில்லில் கட்டுப்பாடு இழந்து இறங்கிய லாரி 20-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைப் பறித்தது. அதற்குப் பிறகுதான் பெரிய லாரிகளுக்கு அந்த எம்13 சாலை அடைக்கப்பட்டது.

ஒரு முந்தலுக்கு எத்தனை மீட்டர்

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துப் பார்க்க முந்துவதைவிடப் பொருத்தமான கணக்கு இல்லை. அதே 63 கிலோவாட் கார், இப்போது ஐந்து பேரும் பெட்டிகளுமாக 1,500 கிலோ. 80-இல் போகும் லாரியைத் தாண்ட 120-க்குப் போக வேண்டும். தேவையான ஆற்றல் 463 கிலோஜூல். ஆம், தனியாளாக நின்ற இடத்திலிருந்து 100-ஐத் தொட்ட அதே எண், எடையும் வேகமும் அப்படிப் பொருந்திவிட்டன. சரியான கியருக்கு இறக்கிவிட்டால் சக்கரத்தில் சராசரி 45 கிலோவாட் கிடைக்கும் என்று கொள்வோம். காற்றுக்கும் டயருக்கும் போவதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் வேகம் கூட்டும்.

1. கடலோரச் சமதளம். 45-லிருந்து 14 போனால் மீதி 31. நேரம் 15 வினாடி, தூரம் சுமார் 420 மீட்டர்.

2. ஹாரிஸ்மித் பக்கம், 1,600 மீட்டருக்கு மேல், அதுவும் சமதளம். சக்கரத்தில் 37 மிஞ்சும், மெலிந்த காற்றில் தடை 12. மீதி 25. நேரம் பதினெட்டரை வினாடி, தூரம் 500 மீட்டரைத் தாண்டிவிடும்.

3. அதே இடம், 3 சதவீத ஏற்றம். ஏற்றத்துக்கு மட்டும் 12 கிலோவாட் போய்விடும். மீதி 13-க்கும் கீழே. நேரம் 37 வினாடி, தூரம் 1 கிலோமீட்டருக்கு மேல்.

மூன்றாவது வரியில் ஏற்றம் கண்ணுக்குச் சரியாகத் தெரியக்கூட இல்லை, 100 மீட்டருக்கு 3 மீட்டர்தான். எதிரே 100-இல் ஒரு வண்டி வந்தால் அந்த 37 வினாடியில் அதுவும் ஒரு கிலோமீட்டர் வந்திருக்கும், ஆகவே தொடங்கும்போது கண்ணுக்கு முன்னால் காலியாக இருக்க வேண்டியது இரண்டு கிலோமீட்டர். இதெல்லாம் கியரைக் குறைத்த பிறகு. ஐந்தாவது கியரிலேயே மிதித்துக்கொண்டிருந்தால் எஞ்சின் அந்த 37 கிலோவாட்டையே தராது. காற்று, டயர், ஏற்றம் மூன்றுக்கும் சேர்த்துத் தேவை 24 கிலோவாட்டுக்கும் மேல், கிடைப்பது அதற்குக் கீழே என்று ஆகிவிட்டால் வேகம் கூடாது, குறைய ஆரம்பிக்கும்.